உயர்கல்வி வழிகாட்டு நிலையம்: மூன்று அமர்வுகளில் ஒன்று போதும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், அண்ணா நகரில் உள்ள ஒரு தனியார் உயர்கல்வி வழிகாட்டு நிலையத்திற்கு என் மகளை அழைத்துச் சென்றேன். மூன்று அமர்வுகளுக்கு 6,000 ரூபாய் கட்டணம்.

முதல் அமர்வில் நடந்த திறனறித் தேர்வு, அவளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நாங்கள் அறிந்ததையே சொன்னது. கொடுத்த பணத்திற்கு மதிப்பாக அமைந்தது இரண்டாம் அமர்வுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைச் சிறுமியாகக் கண்டவள் அவள்; மழைநீர் வடிகால்களைப் பற்றிப் படிக்க வேண்டும், அதற்கு சிவில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவந்தாள். உறவினர்கள் அனைவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றார்கள். ஆலோசகர் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், இரு பிரிவுகளின் பாடத்திட்டங்களையும் அச்செடுத்துக் கொடுத்து, பருவம் பருவமாக வாசிக்கச் செய்து, படிக்க ஆசை எழும் தாள்களைக் குறிக்கச் சொன்னார். நில அளவை, பாய்ம இயக்கவியல், நீரியல் என்று அவள் குறித்துக்கொண்டே போனதைப் பார்த்தபின் வீட்டில் வாதம் ஓய்ந்தது. 2013இல் என் மூத்த மகனுக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த நேரடிக் கலந்தாய்வில், திரையில் இடங்கள் குறைவதைப் பார்த்த பதற்றத்தில் சில நிமிடங்களில் ஒரு பிரிவை முடிவு செய்தோம். அதில் என்னென்ன தாள்கள் உண்டு என்று நாங்கள் ஒருவருமே கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மூன்றாம் அமர்வு பெரும் ஏமாற்றம். 2018 முதல் இணையவழியில் நடைபெறும் பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை அன்று தயாரித்தார்கள். கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 எனக் கணக்கிடப்படும் கட்-ஆஃபில் அவளுக்கு 181.5. சென்ற ஆண்டு அதைவிட உயர்ந்த கட்-ஆஃபில் நிரம்பிய கல்லூரிகளை மேலே எழுதினால் வாய்ப்பு வீணாகும் என்று கூறி, அவற்றை நீக்கச் சொன்னார்கள். இது தவறான அறிவுரை. தரவரிசைப்படி ஒருவரின் முறை வரும்போது, அவரது பட்டியலில் மேலிருந்து பார்த்து, காலியாக உள்ள முதல் விருப்பமே ஒதுக்கப்படுகிறது. ஆகவே கிடைக்காத கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோவதில்லை. அதைவிடக் கேடாக, அவள் கேட்காத கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களையும் நடுநடுவே சேர்த்திருந்தார்கள். அப்படியே பதிந்திருந்தால் அவற்றுள் ஒன்றே ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும். அன்றிரவே வீட்டில் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் அவள் விருப்ப வரிசையிலேயே மாற்றி எழுதினோம்.

இரண்டாம் அமர்வை மட்டும் தனியே பெறலாம். கட்டணம் 2,500 ரூபாய். முடிவுகள் வந்தபின் அங்கு கூட்டம் மிகுவதால், பதினொன்றாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலேயே பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.