ஜெனீவாவா, மிலானா: சீர்திருத்தத்தை வாராவாரம் பார்த்துக்கொண்டது யார்?

16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கிறிஸ்தவத்தில் நடந்த சமயச் சீர்திருத்தத்தை மாணவர்களுக்கு ஒரே ஊரை வைத்து விளக்க வேண்டியிருந்தது. கையில் இருந்தவை இரண்டு: புராட்டஸ்டண்ட் போதகர் ஜான் கால்வினின் ஜெனீவா, கத்தோலிக்கப் பேராயர் சார்லஸ் பொரோமியோவின் மிலான். நான் ஜெனீவாவை எடுத்துக்கொண்டேன். லூத்தர், பாவமன்னிப்புச் சீட்டு எல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு ஊரிலும் நோக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். மக்கள் தங்கள் விசுவாசத்தைத் தெரிந்து அதன்படி வாழ வேண்டும், மேய்ப்பர்கள் படித்தவர்களாக இருக்க வேண்டும். சட்டங்களுக்கும் குறைவில்லை. ஜெனீவா 1541இல் தன் திருச்சபைச் சட்டங்களை நிறைவேற்றியது. கத்தோலிக்க ஆயர்கள் கூடித் தங்கள் சீர்திருத்தச் சட்டங்களை வகுத்த திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் முடிந்தது. அப்புறம் அந்தச் சட்டத்தை யார் விடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

ஜெனீவாவில் அதற்கென்றே மூப்பர் அவை இருந்தது. பன்னிரண்டு மூப்பர்களும் போதகர்களும் வியாழன்தோறும் கூடினார்கள். மூப்பர்கள் நகர மன்றங்களிலிருந்து ஆண்டுக்கொருமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட குடிமக்கள். ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆள் இருக்கும்படி பார்த்து எடுத்தார்கள். 1542 முதல் கிடைக்கும் அவைப் பதிவேடுகளில் வருபவர்கள் சாதாரண ஜனங்கள்: பிரசங்கத்துக்கு வராதவர், மனைவியை அடித்தவர், சூதாடியவர், கூடப் பிறந்தவரோடு பேச்சை நிறுத்தியவர். ஆரம்பத்தில் பலரைக் கர்த்தருடைய ஜெபத்தைத் தாய்மொழியில் சொல்லச் சொன்னார்கள். சிலருக்குப் பழைய லத்தீன் மரியன்னை ஜெபம்தான் வாயில் வந்தது. போய்ப் பிரசங்கம் கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள்.

அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆண்டுக்கு நான்கு முறை. பகையோடு யாரும் அதில் பங்கெடுக்கக் கூடாது. அதனால் சண்டைக்காரர் இருவரையும் ஒன்றாக வரவழைத்து, பேசவைத்து, சமாதானம் செய்துவைப்பதே அவையின் பெரிய வேலைகளில் ஒன்றாயிற்று. சீர்திருத்தம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தது இப்படித்தான். 1564இல் கால்வின் இறந்தார், அவை நிற்கவில்லை.

மிலானின் கதை வேறு. பல பத்தாண்டுகளாகப் பேராயர் ஊரிலேயே தங்காத மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி, அது. 1565இல் பொரோமியோ வந்து தங்கி, பங்குகளை, அதாவது ஒவ்வொரு கோயிலின் வட்டாரத்தையும், சுற்றிப் பார்த்தார், குருக்களுக்குப் பயிற்சி தரும் குருமடத்தை வளர்த்தார். 1576இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைவிட்டுப் போகாமல், வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஜன்னலில் நின்றே பூசை காணும்படி தெருக்களில் பீடம் அமைத்தார். அவரை எவ்வளவு மதித்தாலும் தகும்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் பாரம் ஆயர் ஒருவர் மேலேயே விழுந்தது. திரெந்து கேட்டது ஆயர் ஆண்டுக்கு ஒருமுறை மறைமாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது, பெரிய மறைமாவட்டமானால் இரண்டு ஆண்டுக்குள். நடுவில் பங்குக் குருவும், அவரிடம் தனியே பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனமும்தான். குருவுக்கும் மண்டியிடுபவருக்கும் இடையே தடுப்பும் கம்பிவலையும் வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்று பொரோமியோவே 1577இல் விதிகள் எழுதினார். அங்கே ரகசியம் காக்கப்பட்டது, மானம் காக்கப்பட்டது. குருவும் சமாதானமாகப் போகச் சொல்லியிருப்பார். ஆனால் எதிராளி அங்கே இல்லையே!

ஜெனீவா நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர். மிலான் மறைமாவட்டமோ ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகள் வரை விரிந்தது. அதனால் என் தராசு கொஞ்சம் ஜெனீவா பக்கம் சாய்ந்தே இருக்கலாம். லூத்தரன் நாடுகளில் அரசர் நியமித்த குழுக்களே சபைகளைச் சோதிக்கப் போயின என்பதால், ஜெனீவாவை வைத்து எல்லாப் புராட்டஸ்டண்டுகளையும் எடைபோடவும் முடியாது. 1553இல் திரித்துவக் கோட்பாட்டை மறுத்த செர்வெட்டஸை எரித்ததும் இதே நகரத்தின் மன்றம்தான். அதை மறைத்துப் பாடம் நடத்த மாட்டேன்.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவதென்றால் மட்டும் நான் மிலானுக்குப் போவேன். 1536லேயே, திரெந்து கூடுவதற்கு முன்பே, காஸ்தெல்லினோ என்ற குரு அங்கே மறைக்கல்விப் பள்ளிகளைத் தொடங்கிவிட்டார். திருநாட்களிலும் ஞாயிறுகளிலும் பொதுநிலை ஆண்களும் பெண்களும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஜெபத்தோடு எழுத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள்.