மே மாதம் எங்கே போனது? பவர் பிஐ-யுடன் நான்கு ஆண்டுகள்

ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தில் மாதாந்தர அறிக்கை தயாரிப்பது என் வேலை. தரவை வரைபடங்களாக மாற்றும் மென்பொருளான பவர் பிஐ-யை நான்கு ஆண்டுகளாகத் தினமும் திறக்கிறேன். வண்ணமும் வடிவமும் சில வாரங்களிலேயே கைவந்துவிட்டன. வரைபடத்தின் பட்டைகளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதில்தான் அதிகம் அடிபட்டிருக்கிறேன். பெரும்பாலும் நானாகப் போய் வாங்கிக்கொண்ட அடி.

முதல் ஆண்டறிக்கையில் மாதப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நிதியாண்டு தொடங்குவது ஏப்ரலில்; வரைபடத்தின் முதல் பட்டையும் ஏப்ரல். சரிதான் என்று அனுப்பிவிட்டேன். கூட்டத்தில் கணக்காளர் கண்ணாடியைச் சற்று இறக்கி, "ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட் வருகிறதே, மே மாதம் எங்கே போனது தம்பி?" என்றார். மே ஒன்பதாவது இடத்தில் இருந்தது. மென்பொருளுக்கு மாதப் பெயர் வெறும் எழுத்துதான். ஆங்கில அகரவரிசையில் ஏப்ரல் முதலில் வந்தது தற்செயல். ஜனவரியில் தொடங்கும் ஆண்டாக இருந்திருந்தால் அனுப்புவதற்கு முன்பே என் கண்ணில் பட்டிருக்கும்.

இதற்கு மருந்து 'ஸார்ட் பை காலம்' (Sort by Column), அதாவது ஒரு நெடுவரிசையை இன்னொன்றின்படி அடுக்கும் வசதி (மாதங்களுக்குப் பொருத்தமான பெயர்தான்!). ஏப்ரலுக்கு 1, மார்ச்சுக்கு 12 என்று தனி நெடுவரிசையில் எண் கொடுத்து, மாதப் பெயரை அதன்படி வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு ஒரே எண்தான். 2023 ஏப்ரலுக்கு ஒன்று, 2024 ஏப்ரலுக்கு வேறொன்று என்றால் ஏற்காது. மாதப் பெயரிலிருந்தே டாக்ஸ் (பவர் பிஐ-யின் சூத்திர மொழி) சூத்திரம் போட்டு அந்த எண்ணை வரவழைத்தாலும் பிழை காட்டும். பெயர் எண்ணைச் சார்ந்திருக்க, எண் பெயரைச் சார்ந்திருக்க, எங்கே தொடங்குவது? தரவு உள்ளே வரும்போதே, அதைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியில் எண்ணைச் சேர்த்துவிடுகிறேன். அதன்பின் இந்தத் தொல்லை வந்ததில்லை.

மாவட்டப் பெயர்களைத் தமிழில் கேட்டபோது அடுத்த பாடம். பைத்தான் நிரல்மொழியில் வரிசைப்படுத்திய பட்டியலில் கடலூருக்கு அடுத்து கன்னியாகுமரி, பிறகு கரூர், கள்ளக்குறிச்சி என்று வந்தது. அகராதி பார்த்துப் பழகியவருக்கு இது உறுத்தும். நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு அட்டவணையிலோ அது நகரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் குறியீட்டு எண்படி அடுக்கினால் கன்னியாகுமரி முந்திக்கொள்ளும். 38 மாவட்டங்களுக்கும் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து கையாலேயே எண் போட்டேன். கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று இப்போது ஒழுங்காக நிற்கின்றன.

மதிப்பின்படி இறங்குவரிசை எல்லா இடத்துக்கும் நல்லது என்று முதலில் நம்பினேன். இப்போது அப்படி இல்லை. ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்துக்கு அது போதும். மாதாமாதம் பார்க்கும் படத்தில் பட்டைகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால், போன மாதம் பார்த்த ஊரை மேலாளர் மறுபடி தேட வேண்டியிருக்கிறது. அங்கே நிலையான வரிசைதான் வைக்கிறேன்.

இறங்குவரிசையிலும் ஒரு சிக்கல்: சிறிய பொருள்களையெல்லாம் சேர்த்த 'மற்றவை' பட்டை பல நேரங்களில் எல்லாவற்றையும் விட நீளமாகி உச்சியில் ஏறிவிடுகிறது. 'மற்றவை'க்கு மட்டும் பூஜ்யமும் மீதிக்கு விற்பனைத் தொகையும் தரும் ஓர் அளவீட்டை (கணக்கிட்டு மதிப்பு தரும் சூத்திரம்) எழுதி, டூல்டிப் (பட்டைமேல் சுட்டியை வைத்தால் தோன்றும் குறிப்பு) பெட்டியில் போட்டுவிடுவேன். படத்தில் பட்டையாகத் தெரியாது. ஆனால் வரிசைப்படுத்தும் மெனுவில் அதன் பெயர் வந்துவிடும். அதைத் தேர்ந்தெடுத்தால் 'மற்றவை' அடியில் போய் அமர்ந்துகொள்கிறது.