கையா, பம்ப்பா? சங்கா, பாட்டிலா?

தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னவுடன் வீட்டிலிருந்து ஒருவர் மருந்துக்கடைக்கு ஓடுவார். திரும்பி வரும்போது கையில் ஒரு பம்ப்பும் ஒரு பாட்டிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகத்தான் வாங்க வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பாலை எப்படி எடுப்பது என்பது தாயின் உடம்பையும் நேரத்தையும் பொறுத்த விஷயம். எடுத்த பாலை எப்படிப் புகட்டுவது என்பது குழந்தையின் வயதைப் பொறுத்த விஷயம். விலை உயர்ந்த பம்ப்பில் எடுத்த பாலைச் சங்கில் புகட்டலாம். கையால் எடுத்த பாலைப் பாட்டிலிலும் கொடுக்கலாம். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் பாதிச் செலவு குறையும்.

என் மகள் 35 வாரத்தில் பிறந்தவள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது என்ற மூன்றையும் கோத்துச் செய்யும் திறன் குழந்தைகளுக்குப் பொதுவாக 34 வாரத்தை ஒட்டித்தான் வரத் தொடங்குகிறது. இவளுக்கு அது கைகூடச் சில வாரங்கள் பிடித்தன. அதனால் இந்த நான்கு வழிகளிலும் தண்டையார்பேட்டையில் எங்கள் சிறிய வீட்டிலேயே புழங்கிப் பார்த்துவிட்டேன். மார்பை நன்றாகப் பிடித்துக் குடிக்கும் குழந்தை இருக்கிறவர்களுக்கு இதில் எதுவுமே தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எடுக்கும் வழிகள்.

பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் கை ஒன்றே போதும். அந்த நாட்களில் வருவது சீம்பால். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலே தாராளம். குழந்தையின் வயிறும் அதற்கு மேல் கேட்காது. கெட்டியாகப் பிசுபிசுக்கும் அந்தப் பாலைப் பம்ப் வைத்து எடுத்தால் பாதி, மார்பில் பொருத்தும் புனலின் சுவரிலும் வால்வின் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கையால் எடுத்தால் நேராகக் கிண்ணத்தில் விழும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிரசவித்த என் நாத்தனாருக்கு அங்கே ஒரு சிஸ்டர் காட்டிக்கொடுத்த முறைதான் எனக்கும் பயன்பட்டது. கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் வைக்க வேண்டும். முதலில் மார்புக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்க்க வேண்டும். விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. சற்று நேரம் கழித்து விரல்களை இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றி எடுத்தால் பால் சீக்கிரம் இறங்கும்.

ஆனால் மூன்றாம் நான்காம் நாளில் பால் பெருகிவிடும். அதற்குப் பிறகு கையை மட்டும் நம்பினால் விரல் சோர்ந்துவிடும். சிசேரியன் தையலோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் பச்சை உடம்புக்காரிக்கு இடுப்பு விட்டுப்போகும்.

அப்போது கைப்பம்ப் வருகிறது. வடசென்னைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வாசலில் இருக்கும் அடிபம்பைப் போலத்தான் இதையும் அடிக்க வேண்டும்: முதலில் சிறிதாக, வேகமாக, தண்ணீர் ஏறியதும் நீளமாக, நிதானமாக. குழந்தையும் மார்பில் அப்படித்தான் உறிஞ்சத் தொடங்குகிறது. கைப்பம்ப் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மின்சாரம் வேண்டாம், சத்தமும் அதிகம் இல்லை. நாளைக்கு ஓரிரு முறை எடுத்தால் போதும் என்பவர்களுக்கு, பால் கட்டிக்கொண்டு கனக்கும்போது கொஞ்சம் இறக்கிவிட நினைப்பவர்களுக்கு, இதைவிட உருப்படியான பொருள் இல்லை. நாளைக்கு எட்டு முறை என்றால் மணிக்கட்டும் கட்டைவிரலின் அடிப்பக்கமும் வலிக்கத் தொடங்கும். குழந்தையைத் தூக்கித் தூக்கி ஏற்கெனவே நொந்திருக்கும் இடம் அது.

எட்டு முறை என்பது சும்மா சொன்ன கணக்கு இல்லை. குழந்தை மார்பில் குடிக்கவே இல்லை என்றால் 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுத்தால்தான் சுரப்பு நிற்காமல் இருக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைக்கச் சொல்லி உடம்பு தானே சைகை கொடுத்துவிடும். பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருப்பதால் நடுராத்திரி ஒரு முறை எழுந்தே ஆக வேண்டும். குழந்தை இன்குபேட்டரில் இருக்கும் தாய்க்கு, இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்பம்ப்தான் சரி. 15 முதல் 20 நிமிடத்தில் வேலை முடியும். ஒரு பக்கமாக எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம். விலை ஆயிரங்களில் போகிறது என்பதால் சில மாதத்துக்கு மட்டும் தேவைப்படுகிறவர்கள் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

மின்பம்ப்பைப் பற்றிப் பெட்டியில் எழுதாத சில விஷயங்கள் உண்டு. ஒரே அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த மோட்டார் போடும் சத்தம் எல்லோரையும் எழுப்பும். பொதுச் சுவர் வைத்த குடித்தனங்களில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கோடையில் கரண்ட் போகும் இரவுகளை நினைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வகையைத்தான் வாங்க வேண்டும். பிளக்கில் மட்டுமே ஓடுவது நமக்கு உதவாது. புனலின் அளவு காம்புக்குப் பொருந்தாவிட்டால் பாலும் வராது, புண்ணும் ஆகும். பெட்டியோடு வரும் அளவு எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

இன்னொன்று, வால்வு. கட்டைவிரல் நகம் அளவில் மெத்தென்று இருக்கும் சிலிக்கான் துண்டு, வாத்து மூக்கைப் போல நுனியில் ஒரு பிளவு. பிரஷ் போட்டுத் தேய்த்தால் அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். மோட்டார் வழக்கம்போல ஓடும், ஆனால் இழுப்பு குறைந்துபோகும். 'எனக்குப் பால் வற்றிவிட்டது' என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த என் சிநேகிதிக்கு வற்றியது எதுவும் இல்லை, கிழிந்தது வால்வுதான். சோப்புத் தண்ணீரில் விரலால் அலசினால் போதும். உதிரி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அக்கா வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பம்ப்பை வாங்கிக்கொள்ளலாமா என்பார்கள். பால், குழாய்க்குள்ளும் மோட்டாருக்குள்ளும் போக முடியாதபடி தடுப்பு உள்ள வகையாக இருந்து, பால் படும் பாகங்களை எல்லாம் புதிதாக வாங்கினால் யோசிக்கலாம். தடுப்பு இல்லாத வகையில் உள்ளே பூஞ்சை பிடித்திருந்தாலும் தெரியாது. அதை வாங்காமல் இருப்பதே மேல்.

பம்ப்பில் வந்த அளவை வைத்துத் தன் பாலை எடைபோடுவதும் நம் வீடுகளில் அதிகம். 'இவ்வளவுதானா?' என்று பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க எப்போதும் ஒரு உறவுக்காரர் இருப்பார். நன்றாகக் குடிக்கும் குழந்தை பம்ப்பைவிட அதிகமாகவே எடுக்கும். குழந்தை நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறிவந்தால் அந்த உறவுக்காரருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

இனி புகட்டும் வழிகள். இங்கேதான் எனக்குக் கறாரான அபிப்பிராயம் இருக்கிறது: முதல் மாதத்தில் சங்கு.

பாலாடை என்றும் சொல்வார்கள். சிறிய கிண்ணம், ஒரு பக்கம் நீண்ட மூக்கு. ஒரு தடவைக்கு 5 முதல் 10 மில்லி பிடிக்கும். எவர்சில்வர் சங்கு பாத்திரக்கடையில் மலிவாகக் கிடைக்கும். தாய்வீட்டுச் சீராக வரும் வெள்ளிச் சங்கில் பூவேலைப்பாடு இருந்தால் அந்த இடுக்குகளில் பால் படிந்து நிற்கும். அது பீரோவில் இருக்கட்டும். அவசரத்துக்கு அடகுக்கடைக்கும் உதவும்.

சங்கில் புகட்டுவதை என் அத்தையிடம்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் குழந்தையை மல்லாத்திப் போடமாட்டார். இடது முழங்கையில் தலையைத் தாங்கி, பாதி உட்கார்ந்த வாக்கில் வைத்து, மோவாய்க்குக் கீழே பழைய வேட்டித் துணியைச் செருகுவார். சங்கின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் விளிம்பைத் தொடுகிற அளவுக்கு மட்டும் சாய்ப்பார். சின்ன நாக்கு வெளியே வந்து தடவிப் பார்க்கும். கன்னம் லேசாக உப்பும். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். நான் அவசரப்பட்டால், "இரம்மா, முதலில் விழுங்கட்டும்" என்பார். விழுங்கிய பிறகுதான் அடுத்த சாய்ப்பு. சங்கின் அபாயமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைத்து மடமடவென்று ஊற்றும் பழைய வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. புரையேறி, பால் நுரையீரலுக்குப் போய்விடும். அப்படிப் புகட்டுகிறவர்தான் வீட்டில் இருக்கிறார் என்றால் சங்கை ஒளித்துவைத்துவிடலாம். சங்கில் கழுதைப்பாலும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பவர்களைப் பற்றி எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான்.

பாட்டிலோடு ஒப்பிட்டால் சங்குக்கு மூன்று சாதகங்கள். முதலாவது, குழந்தை மார்பை மறப்பதில்லை. பாட்டிலில் நிப்பிளை வாயில் வைத்ததுமே பால் வழியத் தொடங்கிவிடும். மார்பிலோ பால் இறங்கும்வரை குழந்தை உழைக்க வேண்டும். சுலபத்துக்குப் பழகிய குழந்தை பிறகு மார்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். எல்லாக் குழந்தைகளும் அப்படி இல்லை, ஆனால் யாருடைய குழந்தை அப்படி என்று முன்கூட்டியே தெரியாது. இரண்டாவது, கழுவுவது. சங்குக்கு ஒரே பரப்பு, கண்ணால் பார்த்தாலே சுத்தம் தெரியும். பாட்டிலுக்கு உடல், வளையம், நிப்பிள், மூடி. வாயுத் தொல்லைக்கு என்று வரும் சில வகைகளில் இன்னும் இரண்டு உள்பாகங்கள். ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதி வந்த பிறகு 5 நிமிடமாவது தண்ணீரில் கிடக்கவிட வேண்டும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்துப் புழங்கும் தெருவில் நாளைக்கு எட்டுப் பத்து முறை இதைச் செய்கிறவளிடம் கேட்டுப் பாருங்கள். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: சங்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் மீதிப் பால் குழந்தையின் வாய்படாமல் மூடிய கிண்ணத்தில் இருக்கும். பாட்டிலில் வாய்வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும். அரை மணி நேரம் முக்கி முனகி எடுத்த பாலைத் தொட்டியில் கொட்டும்போது தெரியும் அதன் அருமை.

பாட்டிலுக்கும் நியாயம் இருக்கிறது. எவ்வளவு குடித்தது என்று கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்; சங்கில் கால்வாசி துணியில் போயிருக்கும், கணக்குத் தப்பும். எடை குறைந்த குழந்தைக்கு இவ்வளவு மில்லி என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால், அளவுக் கோடு போட்ட சின்ன மூடியில் அளந்து, சிந்தியதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கக் கலக்கத்தில் சங்கு பிடிப்பது ஆபத்து. குழந்தை வேளைக்கு 60, 90 மில்லி குடிக்கத் தொடங்கிய பிறகு சங்கில் புகட்டினால் ஒரு வேளை முடிவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். ஆகவே நாலாவது வாரத்துக்குப் பிறகு, தாய் வெளியே போக வேண்டிய வீட்டில், பாட்டில் வரட்டும். மெதுவாக வழியும் நிப்பிள் போட்டு, பாட்டிலைக் கவிழ்க்காமல் கிடைமட்டமாகப் பிடித்து, குழந்தை இளைப்பாற இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் பால்புட்டி செய்யக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2015ஆம் ஆண்டுத் தரவிதி. நடைபாதைக் கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் கிடைப்பது எந்தப் பிளாஸ்டிக் என்று யாருக்கும் தெரியாது. எவர்சில்வர் பாட்டில் விழுந்தாலும் உடையாது, ஆனால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பால்புட்டிக்கு விளம்பரமே செய்யக் கூடாது. கேட்காமலே எடுத்துவைக்கும் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

எடுத்த பாலை வைத்திருப்பதில் எந்த வழிக்கும் சலுகை இல்லை. 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. மே மாதத்து வியாசர்பாடியில் அந்த 25 டிகிரியை எங்கே தேடுவது? எடுத்ததும் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வைத்தால் நான்கு நாள் தாங்கும். காசிமேட்டு மீன் இருக்கும் பிரிட்ஜ் என்றால் பாலுக்கு மூடி போட்ட தனி டப்பா. மேலே ஆடை பிரிந்து நிற்பதைப் பார்த்துத் திரிந்துவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். கரண்ட் போய்ப் பிரிட்ஜ் குளிர்ச்சி விட்டுவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் மட்டும் தயவு பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குக் கணக்கு வேறு. தனியார் நிறுவனங்களில் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதியும் உண்டு. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. சின்னக் கடைகளில் நின்று விற்பவர்களுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பது வண்ணாரப்பேட்டைப் பெண்களுக்குத் தெரியும். மூன்றாம் மாதமே வேலைக்குப் போகிறவளுக்கு மதியம் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கைப்பம்ப்பே போதும். பனிக்கட்டிப் பையோடு சேர்த்து, குளிர் தாங்கும் பையில் வைத்துக்கொண்டால் பாரிமுனையிலிருந்து திருவொற்றியூர் வருவதற்குள் பால் கெடாது. பேருந்து நிலையங்களில் 2015 முதல் வந்த தாய்மார் பாலூட்டும் அறைகளும் வழியில் உதவும், பூட்டில்லாமல் இருந்தால்.

பாட்டிலைப் பழக்குவதாக இருந்தால் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். கொடுப்பது பாட்டியோ அப்பாவோ ஆக இருக்கட்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் குழந்தை பாட்டிலைத் தட்டிவிடும். சில குழந்தைகள் எத்தனை நிப்பிள் மாற்றினாலும் ஏற்காது. அதற்காகப் பட்டினி போட்டுப் பணியவைக்க வேண்டாம், சங்கையே தொடரலாம். ஆறு மாதம் நெருங்கிவிட்டால் சின்ன டம்ளரிலேயே பழக்கிவிடலாம். அந்த வீட்டுக்குப் பாட்டில் வாங்கவே வேண்டியதில்லை.