சைக்கிள் கொடுக்கும் கட்சியா, நடைபாதை போடும் கட்சியா?

தேர்தல் அறிக்கையில் 'சுற்றுச்சூழல்' என்ற பக்கத்தைப் புரட்டி, எந்தக் கட்சி சைக்கிளுக்கு ஆதரவு என்று தேடுவது வீண் வேலை. அந்தப் பக்கத்தில் எல்லாக் கட்சியும் நல்ல கட்சிதான். தமிழ்நாட்டை ஆண்ட இரு கழகங்களும் இந்த விஷயத்தை இரண்டு வழிகளில் தொட்டிருக்கின்றன: வண்டியைக் கையில் கொடுப்பது ஒன்று, தெருவில் இடம் கொடுப்பது இன்னொன்று. ஒரு கட்சியின் அக்கறையை இந்த இரண்டில் எதை வைத்து எடைபோடலாம் என்றால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். காரணம், பராமரிப்பு.

முதலாவதை மட்டம் தட்டவில்லை. 2001-02-ல் அ.தி.மு.க. ஆட்சி மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் 2005-06-ல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2006-ல் வந்த தி.மு.க. அதை நிறுத்தவில்லை; 2011, 2021 ஆட்சி மாற்றங்களும் அதைத் தொடவில்லை. முந்தைய ஆட்சி வைத்த பெயர்ப்பலகையைக் கழற்றுவதே முதல் வேலையாக இருக்கும் ஊரில் இது அபூர்வம். 2022-ல் சுமார் 6.35 லட்சம் பேருக்கு 323 கோடி ரூபாயில் கொடுத்தார்கள். வண்டிக்கு ஐயாயிரம் சொச்சம்.

ஆனால் விழா முடிந்த மறுநாள் அந்த வண்டி யார் பொறுப்பு? உதிரியாக வந்து பள்ளி மைதானத்தில் அவசரமாகப் பூட்டப்படும் எந்த சைக்கிளிலும் வரும் கோளாறுகள் ஒன்றுதான். இடது பெடலின் மரை எதிர்த் திசையில் இருக்கும். தெரியாமல் அழுத்தித் திருப்பினால் கிராங்கின், அதாவது பெடலைத் தாங்கும் கையின், மரை போய்விடும். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் வைத்த வண்டியில் அதன் நட்டை முதல் வாரம் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். விட்டால் துளை நீள்வட்டமாகித் தேயும், பிறகு புதுப் பின் போட்டாலும் நிற்காது. ஸ்போக்ஸ் கம்பிகள் ஒரே இறுக்கத்தில் இல்லையென்றால் வீல் பெண்டாகி பிரேக் கட்டையில் உரசும். ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் சரிசெய்கிற வேலைகள் இவை. இரண்டாவது வாரம் பள்ளிக்கே மெக்கானிக்கை வரவழைக்க ஒரு தொகை ஒதுக்கினால் போதும். அது இல்லாமல் வண்டியை மட்டும் கொடுத்தால், கொஞ்ச நாளில் திண்ணையில் சாத்தப்படும் அல்லது வந்த விலைக்கு விற்கப்படும்.

இன்னொன்று, இது அடிப்படையில் கல்வித் திட்டம். பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் அரசின் சைக்கிள் அக்கறையும் முடிகிறது. 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு கொடுத்தது அம்மா ஸ்கூட்டர் மானியம்: விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். பதினாறு வயதில் சைக்கிள், வளர்ந்ததும் ஸ்கூட்டர். அந்தப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்த முடியுமா? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களை சைக்கிள் ஏற்றியது. அதை நடத்தியது மாவட்ட நிர்வாகமும் தன்னார்வலர்களும். எந்தக் கட்சியின் கணக்கிலும் அதைச் சேர்க்க முடியாது.

இனி தெரு. 2014-ல் அ.தி.மு.க. கையிலிருந்த சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்றது அந்தக் கொள்கை. காகிதத்தில் இதைவிட நல்ல வரி எந்தக் கட்சியும் எழுதியதில்லை. ஆனால் அது மாநகராட்சியின் பணத்தைத்தான் கட்டுப்படுத்தும். அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அதே அண்ணா சாலையில் தேனாம்பேட்டை-சைதாப்பேட்டை உயர்மட்டச் சாலைக்கு 2024-ல் தி.மு.க. அரசு அடிக்கல் நாட்டியது: 3.2 கிலோமீட்டர், 621 கோடி. மாநிலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருட சைக்கிள் பணம். கொள்கை மாநகராட்சியிடம், பெரிய பணம் வேறு துறையிடம். இதில் இரு கழகங்களுக்கும் வித்தியாசமில்லை.

சென்னை தி.நகரில் 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம், மனமிருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல உதாரணம். மற்ற தெருக்களில் போட்ட நடைபாதை ஏன் உதவாமல் போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நான்கு இடத்தில் சறுக்கும். இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது. மரம், மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சவேண்டிய அகலம் அது. கணக்குக் காட்டும்போது கழிக்க மாட்டார்கள். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கட்டினால் முதியவர் சாலையில்தான் நடப்பார். வீட்டு வாசல்தோறும் நடைபாதையை இறக்கி ஏற்றுவது அடுத்த தவறு. நடைபாதை சமமாகப் போக வேண்டும், ஏறி இறங்க வேண்டியது கார்.

நான்காவதுதான் ஆளைக் கொல்வது: கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டுவது. பேவர் பிளாக்கைக் கழற்றி அடுக்கிவைத்து, குழியை அடுக்கடுக்காக நிரப்பி ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கி, மணல் பரப்பி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். நடப்பது என்னவென்றால், தோண்டிய மண்ணை அப்படியே தள்ளி மேலே கல்லை வைத்துவிடுகிறார்கள். முதல் மழையில் உள்வாங்கிவிடும். பைக் ஏறாமல் குட்டைத் தூண் நடுவதும் பாதித் தீர்வுதான். சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும்; அதில் பைக்கும் நுழையும். மிச்சத்தை அபராதம்தான் செய்ய வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வருடாவருடம் சம்பளம் வேண்டும். ரிப்பன் வெட்ட முடியாத செலவு.

சைக்கிள் தனிப்பாதையைவிட நடைபாதையை முன்னால் வைக்கிறேன். 2021-லிருந்து பெண்களுக்கு சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை. அந்தப் பயணம் ஒவ்வொன்றும் நடையில்தான் தொடங்குகிறது. கோடு மட்டும் போட்ட சைக்கிள் பாதையோ சீக்கிரமே வண்டி நிறுத்துமிடமாகிவிடும். கட்டை வைத்துப் பிரித்தால் குப்பையும் மணலும் சேரும், கூட்டும் பெரிய வண்டி உள்ளே போகாது. தொடர்ச்சியான, நிழலுள்ள பாதை கிடைத்தால் நம் வெயிலில் எத்தனை பேர் ஓட்டுவார்கள் என்பதில் மட்டும் அடித்துச் சொல்லத் தயங்குகிறேன். அப்படி ஒன்று இங்கே பல வருடம் ஓடிப் பார்த்ததில்லை.

சைக்கிளையே சின்னமாக வைத்திருக்கும் கட்சி என்றால் தேவலையா? உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதி ஆட்சி 2016-ல் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறந்தது. மறு வருடம் ஆட்சி மாறியதும், நெரிசலுக்குக் காரணமான சைக்கிள் பாதைகளை இடிக்கலாமா என்ற பேச்சு அரசுக்குள்ளேயே எழுந்தது. பாதை ஒரு கட்சியின் விளம்பரமாகிவிட்டால் அடுத்தவர் அதைக் கூட்டிப் பெருக்க மாட்டார். இன்னும் ஆட்சியில் அமர்ந்து செலவு செய்யாத கட்சிகளை இந்தத் தராசில் வைக்க முடியாது. அவர்களிடம் இப்போதைக்கு வாக்குறுதி மட்டும்தான்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சைக்கிள் ஓட்டுவீர்களா என்று கேட்க வேண்டாம். புகைப்படத்துக்கு எல்லோரும் ஓட்டுவார்கள். வார்டில் நடைபாதை பழுதுபார்க்க இந்த வருட பட்ஜெட்டில் எவ்வளவு, தோண்டியவரிடம் வாங்கிய சீரமைப்புக் கட்டணம் எந்தத் தெருவில் செலவானது, இந்தச் சாலை மாநகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கே பலர் உதவியாளரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.