திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை: குமரியிலிருந்து போகிறவர்களுக்கு

நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். 1857இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது, 55 ஏக்கர். அன்றைக்குக் குமரியும் திருவிதாங்கூர்தான், அதனால் நம்மூருக்கும் இது பழைய உறவு. பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வர நல்ல இடம். ஆனால் காலை ஒன்பது மணிக்குத் திறந்தவுடன் உள்ளே நுழைந்தால்தான் முழுப்பலன். பதினொன்றுக்குமேல் புலியும் சிங்கமும் நிழலில் படுத்துவிடும். விடியலில் ரயில் பிடிக்கலாம், இல்லையென்றால் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போகும் பஸ். ரயில் நிலையமும் பஸ் நிலையமும் உள்ள தம்பானூரில் இறங்கி, மியூசியம் போகும் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் போதும், மிருகக்காட்சி சாலை மியூசியம் வளாகத்திலேயே இருக்கிறது.

முதலில் குரங்குகளிடம் போங்கள். சோலைமந்தியும் கருமந்தியும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக்காரர்கள். இரண்டும் கறுப்பு என்பதால் பலர் குழம்புகிறார்கள். முகத்தைச் சுற்றிச் சாம்பல்நிறப் பிடரியும் வால்நுனியில் குஞ்சமும் இருந்தால் சோலைமந்தி. தலைமுடி பழுப்புப் பொன்னிறமாய், வால் நீண்டு குஞ்சமில்லாமல் இருந்தால் கருமந்தி. சோலைமந்தி பழமும் பூச்சியும் தின்னும், கன்னப்பையில் அடக்கி வைத்துக்கொள்ளும். கருமந்திக்கு அந்தப் பை இல்லை. அதன் முக்கிய உணவு இலை. பல அறை கொண்ட வயிற்றில் நுண்ணுயிர்கள் அந்த இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. அதற்குப் பிஸ்கட்டோ வாழைப்பழமோ எறிந்தால் சர்க்கரை வேகமாகப் புளித்து, அமிலம் கூடி, வயிறு உப்பிவிடும். பாசத்தில் செய்கிற கெடுதல் இது. தயவுசெய்து பிள்ளைகளைத் தடுங்கள்.

திருப்பதியிலிருந்து 2023 ஜூனில் ஒரு சிங்க ஜோடியும் அனுமன் மந்திகளும் வந்தன. பார்வைக்கு வைக்கும் முன் சோதனையாகத் திறந்தபோது பெண் மந்தி தப்பி, நகரத்து மரங்களில் சுற்றி, ஜூலையில்தான் பிடிபட்டது. இவ்வகைக் குரங்கு நெடுந்தூரம் தாவும். அகழி வைத்த திறந்தவெளியில் ஒரு கிளை வெளிப்பக்கம் நீண்டிருந்தாலே அதற்குப் பாதை கிடைத்துவிடும். கிளைகளை விடாமல் கழிப்பது இங்கே பராமரிப்பில் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

நீர்யானையை அவசரப்படாமல் பாருங்கள். மூழ்கினால் சில நிமிடம் மேலே வராது. தோலில் சிவப்பாகக் கசிவு தெரிந்தால் காயமென்று பயப்பட வேண்டாம், வெயிலிலிருந்து தோலைக் காக்க அதுவே சுரப்பது. தண்ணீர் பச்சையாக இருப்பதற்கு அதன் சாணமும் பாசியும் காரணம். ஆனால் அழுகல் நாற்றம் தூக்கலாக வந்தால் தண்ணீர் மாற்றத் தாமதம் என்று பொருள், அதைப் புகாராகச் சொல்லலாம்.

மான் பகுதியில் 2022-23இல் காசநோய் பரவி, புள்ளிமானும் வெளிமானும் பல இறந்தன. மான்கள் நெருக்கமாக இருந்தால் இந்நோய் மூச்சுக்காற்றில் எளிதாகத் தொற்றும். அடைப்பின் பரப்புக்கேற்ற எண்ணிக்கையில் மட்டும் வளர்ப்பதே மருந்தைவிடப் பெரிய காவல். இந்தப் பகுதி வெறுமையாகத் தெரிகிறதே என்று குறைப்பட வேண்டாம்.

பெரிய விலங்குகளுக்குத் திறந்தவெளி அடைப்புகள் வந்தபிறகு இடம் எவ்வளவோ மேல். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் விலங்கைக் கண்டால் அது விளையாட்டல்ல. செய்ய எதுவுமில்லாமல் அடைபட்டுக் கிடப்பதால் வரும் மன அழுத்தம் அது. கண்ணாடியைத் தட்டி அதை இன்னும் கூட்டாதீர்கள்.

மேடுபள்ளமான நிலம், முட்டுவலி உள்ள பெரியவர்கள் நிதானமாக நடக்கட்டும். மரநிழல் ஏராளம், உச்சிவெயில்கூடத் தாங்கும். ஜூன், ஜூலை மழையில் பாதை வழுக்கும். திங்கட்கிழமை விடுமுறை. வழியில் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையும் அன்று மூடியிருக்கும், அதனால் இரண்டையும் சேர்த்துப் போகிறவர்கள் செவ்வாய் முதல் ஞாயிறுக்குள் ஒரு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.