ஷோகிரன் நோயுடன் சேலத்தில் ஒரு கோடை

ஷோகிரன் நோயுள்ளவர்கள் கோடையில் சேலம் செல்வதென்றால் எதை அங்கே நம்பலாம், எதில் தாமே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை, டொராண்டோவிலிருந்து அம்மா வீட்டுக்குச் சென்று வந்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன். உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகிற இந்நோய், 1933இல் அதை விரிவாக ஆராய்ந்தெழுதிய ஸ்வீடன் கண் மருத்துவரின் பெயரால் வழங்குகிறது.

கண் பரிசோதனை மனநிறைவாக இருந்தது. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில், போன அன்றே பார்த்தார்கள். கீழிமைக்குள் மெல்லிய தாள் பட்டையின் நுனியைச் செருகி, 5 நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார்கள். பட்டையில் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஈரம் ஏறாவிட்டால் கண்ணீர் மிகக் குறைவு என்று பொருள், எனக்கு 3இலேயே நின்றுவிட்டது. இந்நோய்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும், நான் கேட்காமலேயே விழித்திரையையும் ஸ்கேன் எடுத்தார்கள். அம்மருந்தைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு விழித்திரை பாதிக்கப்படலாம் என்பதால் அந்த அக்கறையைப் பெரிதாக மதிக்கிறேன்.

பல் மருத்துவமனையில்தான் வருத்தம். ஈறோரத்துச் சொத்தைகளைப் பார்த்த மருத்துவர், இனிப்பைக் குறைக்கச் சொன்னாரே தவிர, வாய் ஏன் உலர்ந்திருக்கிறது என்று கேட்கவில்லை. உமிழ்நீர் இல்லாத வாயில் அமிலத்தைக் கழுவ எதுவும் இராது. இனிப்பைத் தொடாதவருக்கும் பல் போகும். நானே நோயைச் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஃபுளோரைடு பூச்சு பூசினார்கள்.

மருந்துக்கடையில் கண்சொட்டு வாங்கும்போது, கெடாமலிருக்கச் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள் (preservative) இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். நாளுக்குப் பலமுறை விடுகிறவர்களின் கண்ணை அந்தப் பொருளே புண்ணாக்கிவிடும். ஏற்காடு புறப்பட்டபோது, "இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குது கண்ணு, இதைப் போட்டுக்கோ" என்று சித்தி அன்போடு வாந்தி மாத்திரை ஒன்றை நீட்டினார். அட்டையில் புரோமெதசின் என்றிருந்தது. வாயையும் கண்ணையும் மேலும் உலர்த்தக்கூடிய மருந்து அது. விளக்கிச் சொன்னதும் சித்தி எனக்கு முன்னிருக்கையைக் கொடுத்து, ஏசியையும் என் முகத்தில் படாமல் திருப்பிவைத்தார்.

காதோர உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி, வாரக்கணக்கில் வற்றாமலோ கெட்டியாகவோ இருந்தால், விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்நோயில் நிணநீர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சேலத்திலேயே மூட்டுவாத மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.