பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு. வீட்டுக்கும் கிணற்று மோட்டார் கொட்டகைக்கும் இடையே 350 மீட்டர். மோட்டார் வயரை இரண்டு முறை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பதால் கேமரா வைக்க நினைத்தேன். நெட்வொர்க் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் போகாது. கோவையிலிருந்து வந்த ஒருவர், "வெளிப்புற மெஷ் போட்டுவிடலாம் அண்ணா, மழை வெயில் எதற்கும் அசையாது" என்றார். மெஷ் என்றால், வைஃபை தகவலைக் கம்பியில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் பெட்டிகளின் வலை. நான்கு பெட்டி, மூன்று கேமரா, கூலி எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் கொடுத்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். மெஷ் நல்ல ஏற்பாடுதான். தோப்பு முழுக்கக் குழி வெட்டிக் கேபிள் புதைக்க வேண்டாம். ஒரு பெட்டி நின்றுபோனால் மற்றவை வேறு வழியாகத் தகவலைக் கடத்திவிடும். ஆனால், அதற்கு வேறு வழி என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? என் தோப்பில் நான்கையும் ஒரே வரிசையில், தென்னை மரங்களில் ஆணி அடித்து மாட்டினார். நடுவில் ஐந்து வயதுத் தென்னம்பிள்ளைகள். மட்டையெல்லாம் பெட்டி உயரத்தில். ஈரமான ஓலை வைஃபை அலையை விழுங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் 90 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வந்த இணைய வேகம் கொட்டகையில் 6. ஒரே ரேடியோ உள்ள பெட்டி, வாங்குவதையும் அனுப்புவதையும் அதே அலைவரிசையில் செய்வதால் பெட்டிவிட்டுப் பெட்டி தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மழைக்காலத்தில் அந்த 6-ம் இல்லை.

ஐப்பசி மழையில் இரண்டாவது பெட்டி அணைந்தது. கூடவே மூன்றாவதும் நான்காவதும் போயின. ஏணி வைத்து ஏறித் திறந்தேன். மேலே 'ஐபி67' என்று ஸ்டிக்கர், அதாவது தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி. உள்ளே, வரவேற்பறை மேசையில் வைக்கிற சாதாரண வெள்ளை ரூட்டர்! மின்கடையில் கிடைக்கும் சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதைத் திணித்து, கேபிள் நுழையும் ஓட்டையைச் சிலிகான் பசையால் அடைத்திருக்கிறார். பசை ஒரு பக்கம் பிய்ந்து, அடியில் விரற்கடை அளவுக்குத் தண்ணீர். அதில் செத்த எறும்புகள். ரூட்டரின் அடியில் 'வீட்டினுள் மட்டும் பயன்படுத்தவும்' என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

சந்தேகம் வந்து கேபிளையும் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. இருட்டியதும் கேமரா ஏன் அணைந்து அணைந்து எரிந்தது என்று அப்போதுதான் விளங்கியது. இரவு விளக்கு எரியக் கூடுதல் மின்சாரம் வேண்டும். கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது; அலுமினியக் கம்பியில் அது வரும் வழியிலேயே இறங்கிவிடுகிறது. எர்த் கம்பி எங்குமே இல்லை. இடி விழுகிற தோப்பில்!

போன் செய்தால் "மழையில் நனைய விட்டால் அப்படித்தான் அண்ணா" என்றார். வெளிப்புறக் கருவியை நான் எங்கே வைப்பது, பீரோவிலா?

என் தவறும் உண்டு. ஜிஎஸ்டி பில் கேட்கவில்லை, வெள்ளைத் தாளில் எழுதிய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு பணம் கொடுத்துவிட்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் செலுத்திய வங்கிப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் கையில் உள்ள சாட்சி.

இப்போது தண்ணீர்த் தொட்டியின் மேலும் கொட்டகைக் கூரையில் நட்ட குழாயிலும், தென்னம்பிள்ளைகளின் ஓலைக்கு மேலே, நேருக்கு நேர் பார்க்கும்படி இரண்டு வெளிப்புற வைஃபை கருவிகள் மட்டும் நிற்கின்றன. பில்லோடு வாங்கியவை, எர்த் போட்டவை. பழைய செலவில் பாதிகூட ஆகவில்லை.

சென்ற வாரம் பக்கத்துத் தோப்பு மரத்தில் அதே சாம்பல் நிறப் பெட்டி தொங்குவதைப் பார்த்தேன். நாளை ஏணியோடு போகிறேன்.